பன்னீர் தெளித்த பிள்ளைகள்

வாயில் ஐந்தாறு ஊக்குகளைக் கடித்துக்கொண்டே ஒரு முழுச் சண்டையைப் போட்டு முடிக்க என்னால் முடியும். தொழில் அப்படி. அந்தச் சனிக்கிழமை காலையிலும் கிள்ளானில் ஒரு கல்யாண மண்டபத்தின் பின்னறையில், வாய் நிறைய ஊக்குகளோடு ஒரு பிள்ளையைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

“நேரா நில்லும்மா. கோழி மாதிரி அங்கயும் இங்கயும் ஆடாதே. மடிப்பெல்லாம் கலையுது.”

“ஆன்டி, திங்கக்கிழம செஜாரா டெஸ்ட். ஒரே ஒரு பக்கம் படிச்சுக்கிறேன், ப்ளீஸ் லா.”

வரலாற்றுப் புத்தகத்தை ஹேர் ஸ்பிரே டப்பாவில் சாய்த்து வைத்திருந்தாள். காலில் பள்ளிக் காலுறைக்கு மேல் வெயில் கறுத்த கோடு தெரிந்தது. உள்ளங்கையில் நீல மையில் ஏதோ ஆண்டுகளை எழுதி வைத்திருந்தாள், மருதாணி போட வேண்டிய இடத்தில்! அவளைத் தர்ஷினி என்று வைத்துக்கொள்வோம். இந்த அத்தியாயத்தில் எல்லாப் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். என் பெயரைத் தவிர.

அறையில் மொத்தம் ஆறு பிள்ளைகள். விருந்தாளிகள் வரும்போது வாசலில் சேலை கட்டி நின்று பன்னீர் தெளித்து, சந்தனமும் கற்கண்டும் நீட்டி, சிரிக்க வேண்டும். அதுதான் வேலை. இப்போதெல்லாம் கிள்ளானில் சொந்தக்காரப் பெண்கள் யாரும் இதற்கு வந்து நிற்பதில்லை. அதற்கும் ஆள் பிடித்துத் தர ஏற்பாட்டாளர்கள் வந்துவிட்டார்கள்.

கத்தரிப்பூ நிறச் சேலை. முந்தானையைத் தோளில் குத்தி, கொண்டை போட்டு, உதட்டுக்குச் சாயம் தடவி, கண்ணாடிப் பக்கம் திருப்பிவிட்டேன். தர்ஷினி தன்னையே பார்த்து வாயைப் பிளந்தாள்.

“ஆன்டி! எனக்கு இப்ப எத்தன வயசு மாதிரி இருக்கு?”

“இருபத்தி மூணு. கூடவும் சொல்லலாம்,” என்றேன், ஊக்கைத் துப்பிவிட்டு. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

“நல்ல வேள. அடுத்த வெள்ளி போர்ட் டிக்சன்ல ஹோட்டல் வேல இருக்கு ஆன்டி, மூணு நாளைக்கு. இருபத்தி ரெண்டுனு சொல்லணும்னு பிரேம் அண்ணே சொன்னாரு. ஐசி எடுத்துட்டு வர வேணாமாம். வீட்லயே வச்சிட்டு வரணுமாம்.”

இதைக் கேட்டதும் நான் என்ன செய்தேன் தெரியுமா? குனிந்து கொசுவத்தைச் சரிசெய்தேன். இடது பக்கம் ஒரு மடிப்பு கொஞ்சம் தூக்கிக்கொண்டிருந்தது. அது சரியானதும்தான் ஐசியை, அரசு கொடுத்த அடையாள அட்டையை, வீட்டில் வைத்துவிட்டு வரச் சொன்ன விஷயம் என் மண்டையில் ஏறியது.

ஊக்குக்காரி ஆன கதை

ஷா ஆலம் தொழிற்சாலையில் பூதக்கண்ணாடி வழியாக மின்னணுச் சில்லுகளைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்த கதையைச் சென்ற வாரம் எழுதியிருந்தேன். “பிறகு எப்படிச் சேலைக்கு வந்தீர்கள்?” என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். அம்மா தாயே, தொழிற்சாலையை மூடினார்கள், வந்தேன். வேறென்ன?

பிரிக்பீல்ட்ஸில் பூக்கடைகளுக்கு மேலே, குறுகலான படியேறிப் போனால் ஓர் அழகு நிலையம். அங்கே இரண்டு ஆண்டுகள் தரையில் விழுந்த முடியைக் கூட்டினேன். மூன்றாம் ஆண்டு ஒரு கல்யாணப் பெண்ணின் உறவுக்காரர்கள் பதினோரு பேர் ஒரே நேரத்தில் வந்து இறங்கிவிட, முதலாளியம்மா என் கையிலும் ஒரு சேலையைத் திணித்தார். தொழிற்சாலையில் சில்லு அடுக்கிய கை அல்லவா! மடிப்பு ஒவ்வொன்றும் அளவெடுத்த மாதிரி விழுந்தது. அன்றைக்குப் பிடித்ததுதான்.

தம்பட்டம் அடித்துக்கொள்கிறேன் என்று நினைக்காதீர்கள்; நினைத்தாலும் பரவாயில்லை. குட்டையானவளை நெட்டையாகக் காட்டுவேன். பருமனானவளை மெலிவாக்குவேன். பதினைந்து வயதை இருபத்தைந்தாக்குவேன். அதிலும் இந்தக் கடைசி வித்தையில் என்னை அடிக்கக் கிள்ளான் பள்ளத்தாக்கில் ஆளில்லை. லோரி ஓட்டும் என் வீட்டுக்காரர் ஒருநாள், “என்னையும் ஒரு முப்பதாக்கிவிடேன்,” என்றார். “உங்களுக்கு மேக்கப் பத்தாதுங்க, வர்க்‌ஷாப்புலதான் விடணும்,” என்றேன்.

இந்த வித்தையை நாலு பேருக்குக் காட்ட வேண்டாமா? என் முகநூல் பக்கத்தில் ஜோடிப் படம் போட ஆரம்பித்தேன். இடது பக்கம் முன்பு, வலது பக்கம் பின்பு. இடது பக்கம் நீல பினஃபோர், இரட்டைச் சடை, எண்ணெய் வழியும் முகம். வலது பக்கம் பட்டுச் சேலை, கொண்டை, ஜிமிக்கி. மூலையில் என் கடைப் பெயர். “வாவ் ஆன்டி!”, “இது அதே பிள்ளையா?” என்று கருத்துகள் வந்து கொட்டும். ஜோடிப் படம் போட்ட வாரம் தொலைபேசி ஓயாது.

பள்ளிச் சீருடையில் இருக்கும் பிள்ளையின் படத்தை ஊர் பார்க்கப் போடுகிறாயே என்று யாருமே கேட்கவில்லை. எப்படிக் கேட்பார்கள்? நம் ஆட்கள் சடங்கு வைக்கிற லட்சணம் தெரியாதா! பன்னிரண்டு வயதுப் பிள்ளை பெரியவளானால் தாமான் குடியிருப்பு முச்சந்தியில் பேனர். அதில் பிள்ளையின் படம், முழுப் பெயர், அப்பா பெயர், மண்டபம் எல்லாம். போகிற வருகிற லோரிக்காரனெல்லாம் நிமிர்ந்து பார்த்துவிட்டுப் போவான். விருந்து முடிந்த மறுநாளே, “பொம்பளப் பிள்ளைய வெளிய விடாதே, காலம் கெட்டுக் கிடக்கு,” என்று உபதேசம் வேறு. அந்த மேடைகளுக்கும் நான்தான் சேலை கட்டினேன். அதனால் மற்றவர்களை மட்டும் சொல்லித் தப்பிக்க முடியாது.

ஊருக்கே அண்ணன்

இந்தப் பிள்ளைகளைக் கூட்டி வரும் ஏற்பாட்டாளன் பிரேமை எல்லாருக்கும் பிடிக்கும். எனக்கும் பிடிக்கும். என் வேலையில் பாதி அவன் கொடுப்பதுதான்.

முப்பதைத் தாண்டியவன். வெள்ளைச் சட்டை, நெற்றியில் மெல்லிய திருநீற்றுக் கோடு. மண்டபத்துக்கு வரும்போதெல்லாம் பிள்ளைகளுக்குக் கரிபாப் பொட்டலமும் மைலோ ஐஸும் வாங்கி வருவான். வயதானவர்களைக் கண்டால் குனிந்து காலைத் தொடுவான். திருவிழாவில் அன்னதானப் பந்தலில் வாளி தூக்குவான். பிள்ளைகளை வீட்டுக்கே போய் வேனில் ஏற்றி, வீட்டுக்கே கொண்டுபோய் இறக்குவான்.

பெற்றவர்களுக்கு வேறென்ன வேண்டும்? பேருந்து கிடையாது, அழைத்துவர ஆளும் கிடையாது. சனிக்கிழமை முழுநாளும் பிள்ளை பிளாட்டில் தனியாகக் கிடப்பதற்குப் பதில், கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டு, கைச்செலவுக்கும் ஏதோ வாங்கி வந்தால் நல்லதுதானே?

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நம்மிடம் ஒரு பழக்கம் உண்டு. அறிமுகமில்லாத ஆளைக்கூட முதல் வார்த்தையிலேயே உறவாக்கிவிடுவோம். காய்கறி விற்கிறவர் அங்கிள், பக்கத்து வீட்டுக்காரி அக்கா, வேன் ஓட்டுகிறவர் அண்ணே. நல்ல பழக்கம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஒருவனை ‘அண்ணே’ என்று கூப்பிட்டுவிட்டால் அதற்குப் பிறகு அவனிடம் கேள்வி கேட்க நமக்குக் கூச்சம் வந்துவிடுகிறது. “மூணு நாளைக்கு எங்க கூட்டிட்டுப் போற? கூட யாரு வர்றா?” என்று முன்பின் தெரியாத ஒருவனிடம் கேட்டுவிடலாம். அண்ணனிடம் கேட்டால் சந்தேகப்பட்ட மாதிரி ஆகிவிடுமே!

இரண்டு படமும்

மதியம் மூன்று மணிக்குப் பந்தி ஓய்ந்தது. பிள்ளைகள் பின்னறையில் வட்டமாக உட்கார்ந்து பிரியாணியை வெளுத்துக்கொண்டிருந்தார்கள். நான் மெதுவாகத் தர்ஷினி பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“அந்த போர்ட் டிக்சன் வேல என்னம்மா? கல்யாணமா?”

“இல்ல ஆன்டி. ஏதோ கம்பெனி டின்னராம். பெரிய ஆளுங்க வருவாங்களாம். நாங்க கூட உக்காந்து பேசணுமாம், சிரிக்கணுமாம். அவ்ளோதான்.”

“எல்லாரும் போறீங்களா?”

“இல்ல, இந்தத் தடவ நான் மட்டுந்தான் செலக்ட் ஆகியிருக்கேன்.” குரலில் அவ்வளவு பெருமை. கோழிக்காலைத் தட்டில் வைத்துவிட்டு, விரலைத் துடைத்துக்கொண்டு, கைப்பேசியை எடுத்தாள். திரை சிலந்தி வலை மாதிரி விரிசல் விட்டிருந்தது. “உங்களாலதான் ஆன்டி! பாருங்க.”

பார்த்தேன். பிரேம் அவளுக்கு அனுப்பிய செய்தி. மேலே நான் எடுத்த ஜோடிப் படம். இடது பக்கம் பினஃபோர் போட்ட தர்ஷினி, வலது பக்கம் போன மாதம் நான் கட்டிவிட்ட சேலையில் தர்ஷினி. மூலையில் என் கடைப் பெயர், பூப்போட்ட எழுத்தில். அதன் கீழே பிரேம் எழுதியிருந்தான்: ‘கிளையண்டுக்கு ரெண்டு படமும் ரொம்ப பிடிச்சிருக்காம்.’

எனக்கு முதலில் விளங்கவில்லை. நான் மட்டி. சேலை கட்டிய பெண் வேண்டுமென்றால் வலது பக்கப் படம் போதுமே? இருபத்தி மூன்று வயதுப் பெண்தான் வேண்டுமென்றால் கோலாலம்பூரில் நிஜமாகவே இருபத்தி மூன்று வயதுப் பெண்கள் இல்லையா? இடது பக்கம் எதற்கு? பினஃபோர் படம் எதற்கு?

பிறகு விளங்கியது, அந்த ஆளுக்கு வேண்டியதே இடது பக்கத்துப் பிள்ளைதான். எழுந்து வெளியே போய், கார்கள் நிற்கும் காடி நிறுத்துமிடத்தில் வெயிலில் நின்று கைப்பேசியில் பிரேமைக் கூப்பிட்டேன்.

“தம்பி, அந்தப் பிள்ளைக்குப் பதினஞ்சு வயசுப்பா.”

“அதனாலென்ன அக்கா? சும்மா ஸ்மைல் பண்ணிட்டு உக்காந்திருக்கப் போறா. ஏசி ரூம், நல்ல சாப்பாடு.”

“அப்புறம் ஐசி ஏன் வேணாம்கிற?”

அந்தப் பக்கம் சிரித்தான். கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. “அக்கா, நீங்க சேலைய மட்டும் பாருங்க லா,” என்றான். வைத்துவிட்டான்.

நான் அங்கேயே காடிக்குள் உட்கார்ந்து ஒரு காரியம் செய்தேன். புத்திசாலித்தனம் என்று நினைத்துத்தான் செய்தேன். முகநூல் பக்கத்தில் இருந்த ஜோடிப் படங்கள் எல்லாவற்றையும், ஒன்று விடாமல், அழித்தேன். கைப்பேசியில் இருந்த மூலப் படங்களையும் அழித்தேன். குப்பைக் கூடையையும் காலி செய்தேன். இனி யாரும் பார்க்க முடியாது என்று ஒரு பெருமூச்சு விட்டேன். அந்தப் பெருமூச்சுக்கு என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மல்லிகாவின் மாலை

காடியில் உட்கார்ந்திருந்தபோது ஏனோ மல்லிகா ஞாபகம் வந்தது. அவளைப் பற்றி இந்தத் தொடரில் எழுதவே கூடாது என்று இருந்தேன்.

டெங்கில் ஊருக்குப் பக்கத்துத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். அவள் அடுப்பு ஊதினால் எங்கள் பக்கம் புகையும். பதினான்கு வயதில் அவளைப் பெட்டாலிங் ஜெயாவில் ஒரு பெரிய வீட்டுக்கு வேலைக்கு அனுப்பினார்கள். நம் ஆட்கள் வீடுதான். “நம்ம ஜனம், பிள்ள மாதிரிப் பாத்துக்குவாங்க,” என்றார்கள். தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் ஆண்டோடு படிப்பு முடிந்தது. இடைநிலைப்பள்ளிக்கு லோரியில் பத்து மைல் போக வேண்டும். பெண் பிள்ளையை யார் அனுப்புவார்கள்? வீட்டு வேலைக்கு மட்டும் இருபது மைல் அனுப்பலாம்.

எட்டு மாதத்தில் திரும்பி வந்தாள். அந்த வீட்டு முதலாளி என்ன செய்தான் என்று பெரியவர்கள் தங்களுக்குள் கிசுகிசுத்தார்கள். போலீசுக்குப் போகலாம் என்று ஒரே ஒருவர் சொன்னார். அவர் வாயை அடைத்துவிட்டார்கள். “பிள்ள பேரு கெட்டுடும்.” கோயிலில் பஞ்சாயத்து கூட்டினார்கள். அந்த மனிதன் காடியில் வந்து இறங்கி, தாம்பாளத்தில் பழமும் பூவும் வைத்து மன்னிப்புக் கேட்டான். கோயில் தலைவர் ஏற்றுக்கொண்டார். சாமிக்குச் சாத்திய மாலையை எடுத்து அவன் கழுத்தில் போட்டார்கள். ஆமாம், அவன் கழுத்தில்!

மல்லிகாவை அந்த இடத்துக்குக் கூப்பிடக்கூட இல்லை. அவளும் நானும் எங்கள் வீட்டில், சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து மேளச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தோம். அடுத்த தை மாதம் முப்பத்தைந்து வயதுக்காரர் ஒருவருக்கு அவளைக் கட்டிக் கொடுத்தார்கள். நானும் போய் லட்டு தின்றேன். லட்டு நன்றாக இருந்தது என்று வீட்டில் வந்து சொன்னேன். எனக்குப் பதிமூன்று வயது, வேறென்ன தெரியும்? ஆனால் இப்போது எனக்குப் பதிமூன்று இல்லை.

கேட்டைத் தாண்டாத வேலை

தர்ஷினியை அன்றைக்கு நானே வீட்டில் கொண்டுபோய் விட்டேன். நாலாவது மாடி. மின்தூக்கி வேலை செய்யவில்லை. வேலை செய்த நாள் தனக்கு ஞாபகமில்லை என்றாள். கதவுக்குப் பின்னால் ஒன்பது வயதுத் தம்பி பூட்டிய வீட்டுக்குள் கேம் ஆடிக்கொண்டிருந்தான். “அக்கா, மேகி போட்டுத் தா,” என்றான், என்னை நிமிர்ந்துகூடப் பார்க்காமல். அப்பா சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய், வரவு நின்று, பேச்சும் நின்றுபோன ஆள். அம்மா போர்ட் கிள்ளானில் ஒரு கிடங்கில் பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட்.

“அம்மாட்ட புது போன் கேக்கப் பாவமா இருக்கு ஆன்டி,” என்று படியில் ஏறும்போதே தர்ஷினி சொல்லியிருந்தாள். “டீச்சர் ஹோம்வொர்க் எல்லாம் போன்லதான் போடுறாங்க. இதுல ஒண்ணுமே தெரிய மாட்டேங்குது.”

மறுநாள் ஞாயிறு. போர்ட் கிள்ளானுக்குப் போனேன். கிடங்கின் இரும்புக் கேட்டுக்கு எதிரே ஒரு சாப்பாட்டுக் கடை. மதிய இடைவேளைக்கு அரை மணி நேரம் விடுவார்கள். தர்ஷினியின் அம்மா விமலா, கழுத்தில் அடையாள அட்டை தொங்க, பாதுகாப்புக் காலணி போட்டுக்கொண்டு வந்தார். என்னைவிடப் பத்து வயது சிறியவர். பார்த்தால் என் வயது. என் வித்தையெல்லாம் அந்த ஷிஃப்டிடம் பிச்சை வாங்க வேண்டும்.

தேத்தண்ணி வந்தது. நான் சுற்றி வளைக்காமல் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் அவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டார்.

“என் பிள்ளையப் பத்தித் தப்பாப் பேசுறீங்களாக்கா? அவ அப்படிப்பட்ட பிள்ள இல்ல!”

“நான் பிள்ளயப் பத்திப் பேசல விமலா. அந்த வேலையப் பத்திப் பேசுறேன்.”

“பிரேம் தம்பி என் வீட்டுக்கு வந்து சாப்பிட்டிருக்கு. என்னை அக்கானுதான் கூப்பிடும்.”

“என்னையும் அப்படித்தான் கூப்பிடுது.”

“நீங்க எதுக்கு இதெல்லாம் கிளறுறீங்க? வெளிய தெரிஞ்சா நாளைக்கு யாரு அவளக் கட்டுவா?”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “பதினஞ்சு வயசுப் பிள்ளைக்கு இப்பவே மாப்பிள்ள தேடுறியா? மொதல்ல அவ செஜாரா டெஸ்ட் எழுதட்டும்!” என்று கத்திவிட்டேன். பக்கத்து மேசையில் லோரிக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். விமலா கண்ணைத் துடைத்துக்கொண்டு கிளம்பப் பார்த்தார். நான் கையைப் பிடித்தேன்.

“ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். அப்புறம் போ. ஐசிய வீட்ல வச்சிட்டு வரச் சொல்லியிருக்கான். அது ஏன்?”

விமலா நின்றார். கழுத்தில் தொங்கிய அட்டையைக் கையில் பிடித்தார். சாலைக்கு எதிரே கேட்டைப் பார்த்தார். அங்கே காவலாளி ஒரு லோரிக்காரரை நிறுத்தி ஐசி கேட்டுக்கொண்டிருந்தார்.

“ஐசி இல்லாம வந்தா என்ன உள்ளயே விட மாட்டான்கா,” என்றார் மெதுவாக. “ஒரு நாள் மறந்துட்டு வந்தேன். மழையில வெளியவே நிக்க வச்சான். எட்டு வருஷமா என் மூஞ்சியப் பாக்குறவன். ஐசி இல்லன்னா உனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா யாருன்னு எழுதுறதுன்னு கேட்டான்.”

சொன்னவர் தான் சொன்னதைத் தானே கேட்டார் போலிருந்தது. நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். தேத்தண்ணி ஆறிக்கொண்டிருந்தது. உள்ளே மணி அடித்தது, இடைவேளை முடிந்துவிட்டது. விமலா எழுந்திருக்கவில்லை.

“பிள்ள யாருன்னே எழுதக் கூடாதுன்னு நெனைக்கிறானாக்கா?”

“ஆமா விமலா.”

“நாளைக்கு லீவு சொல்லிடுறேன்,” என்றார். “ஸ்டேஷனுக்கு நீங்களும் வருவீங்கல்ல? எனக்குப் பேச வராது.”

எனக்குப் பேச வரும். ஊக்கை வாயில் வைத்துக்கொண்டே வரும். ஆனால் வீட்டுக்காரரிடம் விஷயத்தைச் சொன்னபோது அவர், “உனக்கேன் வம்பு? பாதி வேல அவன் குடுக்கிறதுதானே?” என்றார். பிறகு சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது அவரே, “நாளைக்கு நான் கொண்டுபோய் விடுறேன்,” என்றார். லோரிக்காரரிடம் அவ்வளவுதான் எதிர்பார்க்க முடியும். அது எனக்குப் போதும்.

பெயர் கேட்டார்கள்

வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. பிரேமைப் பற்றி இதற்கு மேல் எழுதக் கூடாது என்று வக்கீல் சொல்லிவிட்டார். தர்ஷினி போர்ட் டிக்சனுக்குப் போகவில்லை என்பதை மட்டும் சொல்லலாம். போகவே இல்லை. படித்துக்கொண்டிருக்கும் தாய்மார்கள் மூச்சை விடலாம்.

அவள் என்னைக் கட்டிப்பிடித்து நன்றி சொன்னாள் என்று நினைத்துவிடாதீர்கள். திங்கட்கிழமை டெஸ்ட் முடிந்து பள்ளி வாசலிலிருந்து நேரே காடியில் ஏற்றினோம். வழி நெடுக ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். “நீங்கதான் ஆன்டி எல்லாத்தையும் கெடுத்தீங்க. மொத தடவையா என்ன ஒருத்தங்க செலக்ட் பண்ணாங்க. அதையும் கெடுத்துட்டீங்க.”

நிலையத்தில் ஒரு தனி அறைக்கு அழைத்துப் போனார்கள். தமிழ்ப் பெண் போலீஸ் ஒருவர், எனக்குத் தங்கை வயது இருக்கும், தர்ஷினிக்கு ஒரு பொட்டலம் சோயா பால் கொடுத்து உட்கார வைத்தார். விமலாவும் நானும் பக்கத்தில். நான் எல்லாவற்றையும் கொட்டினேன். ஜோடிப் படம், பிரேமின் செய்தி, ஐசி. தர்ஷினி வேண்டா வெறுப்பாகக் கைப்பேசியை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

“நல்லதுக்கா,” என்றார் அந்தப் பெண் போலீஸ். “இது ஒரு பிள்ளையோட நிக்கிற விஷயம் இல்ல. இவன் உங்ககிட்ட எத்தன பிள்ளைங்களக் கூட்டிட்டு வந்தான்? அந்தப் படங்களக் காட்டுங்க.”

“அழிச்சிட்டேன்மா.”

“எல்லாத்தையுமா?”

“எல்லாத்தையும்.”

பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். திட்டவில்லை. “சரி. பேரு சொல்லுங்க, எழுதிக்கிறேன்.”

பையிலிருந்து என் வேலைக் குறிப்பேட்டை எடுத்துப் பிரித்தேன். தேதி இருந்தது. மண்டபம் இருந்தது. அதற்குக் கீழே என் கையெழுத்தில் வரிசையாக இருந்தது. வாசித்தேன்.

“மாம்பழ மஞ்சள். மயில் பச்சை. அரக்கு. கத்தரிப்பூ...”

“அக்கா,” என்றார் அந்தப் பெண் போலீஸ். “நான் பேரு கேட்டேன். நீங்க சேலைய வாசிக்கிறீங்க.”

என்னிடம் இருந்தது அவ்வளவுதான். யாருக்கு எந்தச் சேலை, எத்தனை மடிப்பு, எந்த ரவிக்கை இறுக்கம் என்று எல்லாம் எழுதி வைத்திருக்கிறேன். பெயர் மட்டும் ஓரிடத்திலும் இல்லை. ஒரு பிள்ளையை அரை மணி நேரம் திருப்பித் திருப்பி நிறுத்தி, முகத்தைத் தொட்டு, தலையைச் சீவிவிட்டு, “அடுத்த ஆள் வாம்மா,” என்று கூப்பிட்டிருக்கிறேன். தர்ஷினியின் பெயர்கூட அவளாகச் சொல்லித்தான் தெரியும். வெட்கமாக இருந்தது. அந்த அறையில், ஒரு பிள்ளையின் முன்னால், அழுதுவிட்டேன்.

சோயா பாலை உறிஞ்சும் சத்தம் நின்றது. தர்ஷினி மேசையின் மேல் கையை நீட்டி என் குறிப்பேட்டைத் தன் பக்கம் இழுத்தாள். பள்ளிச் சீருடையின் கையில் மை பட்டிருந்தது. முதல் வரியில் விரலை வைத்தாள்.

“மாம்பழ மஞ்சள் கீர்த்தி. ரெண்டாம் படிவம். எங்க ஸ்கூல்தான்.”

அந்தப் பெண் போலீஸ் எழுதினார்.

“மயில் பச்சை யுகேஷினி. அவங்க பிளாட் எனக்குத் தெரியும். அரக்கு ரெண்டு பேரு, ஒண்ணு லாவண்யா, இன்னொண்ணு அவ தங்கச்சி.”

பக்கத்தைத் திருப்பினாள். போன மாதம், அதற்கு முந்தைய மாதம் என்று ஒவ்வொரு நிறமாகச் சொல்லிக்கொண்டே போனாள். செஜாரா பாடத்தை ஒப்பிக்கிற மாதிரி, ஒன்றைக்கூட விடவில்லை. ஆண்டுகளை உள்ளங்கையில் எழுதிப் படிக்கிற பிள்ளைக்கு, தன்னோடு நின்ற அத்தனை பேரின் பெயரும் மனப்பாடம். விமலா மகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முந்தைய மாதத்துப் பக்கம் ஒன்றில் தர்ஷினியின் விரல் நின்றுவிட்டது. ‘வெங்காய ரோஸ். கொசுவம் ஏழு. ரவிக்கை லூஸ், உள்ளே மூன்று ஊக்கு.’

“இது சுபா,” என்றாள். “அவளும் போன மாசம் செலக்ட் ஆனா. போயிட்டு வந்தா. அதுக்கப்புறம் ஸ்கூலுக்கே வரல. மெசேஜ் போட்டா பாக்குறா, பதில் போட மாட்டேங்குறா. நான் அவ பொறாமையில பேசலன்னு நெனைச்சேன் ஆன்டி. என்னை இப்ப செலக்ட் பண்ணிட்டாங்கன்னு.”

விமலா மகளின் தலையைத் தன் மார்போடு சேர்த்துக்கொண்டார். அந்தப் பெண் போலீஸ் அதுவரை எழுதிய தாளை ஓரமாகத் தள்ளிவிட்டு, புதுத் தாளை எடுத்து, முதல் வரியில் சுபாவின் பெயரை எழுதினார்.

“இவளுக்கு எத்தன வயசுக்கா இருக்கும்?” என்று என்னிடம் கேட்டார்.

அந்தச் சேலை எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. சன்னமான ஜரிகை. ரவிக்கை தொளதொளவென்று இருந்ததால் நான்தான் உள்ளே ஊக்குக் குத்தி இறுக்கினேன். அவள் முகத்தை எவ்வளவு யோசித்தும் கொண்டுவர முடியவில்லை.

“தெரியலம்மா,” என்றேன்.

“பதிமூணு,” என்றாள் தர்ஷினி, அம்மாவின் தோளிலிருந்து நிமிராமலே.